பாலுக்குக் காசில்லை, கொண்டுவந்து தருவதற்குத்தான்

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர் யாரைக் கேட்டாலும், கடலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் சாப்பாட்டைப் பற்றித்தான் ஆரம்பிப்பார்கள். "விடிஞ்சா சாப்பாடு, அடைஞ்சா சாப்பாடு, எதுக்கும் பைசா கிடையாது" என்பார்கள். முக்கால்வாசி உண்மைதான். பஃபேயில் எத்தனை தட்டு நிரப்பினாலும் கேட்க ஆளில்லை. ராத்திரி டைனிங் ரூமில் உட்கார்ந்து ரெண்டு மெயின் கோர்ஸ் கேட்டாலும் சிரித்த முகத்தோடு வைத்துவிட்டுப் போவார்கள். நீச்சல்குளத்துப் பக்கம் பீட்ஸா, ஐஸ்கிரீம் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் அதே பீட்ஸா உங்கள் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தால், அமெரிக்காவிலிருந்து கிளம்பும் பெரும்பாலான பெரிய கப்பல்களில் இப்போது காசு. இந்தப் பதிவு அந்தக் காசைப் பற்றி. கொஞ்சம் நீளமாகப் போகும். காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனில். கால்வெஸ்டன் துறைமுகம் காரில் ஒரு மணி நேரம். ஊரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருந்தார்கள். நயாகரா, கிராண்ட் கேன்யன் எல்லாம் முன்பு வந்தபோதே பார்த்தாகிவிட்டது. மாமியாருக்கு முட்டிவலி வேறு. கப்பல் என்றால் ஒரே அறை, ஒரே படுக்கை, தினம் தினம் பெட்டி கட்டி அவிழ்க்க வேண்டாம் என்று மெக்ஸிகோ பக்கம், கோசுமேல், கோஸ்டா மாயா போய்வரும் பயணம் ஒன்றைப் பிடித்தோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகள் ஒன்றுக்கொன்று இளைத்ததில்லை.

மாமியாருக்கு ராத்திரி மாத்திரை உண்டு. மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் சூடான பால், ஒரு வாழைப்பழம். பல வருஷப் பழக்கம், மாற்றச் சொல்ல முடியாது. கப்பலில் பத்து மணிக்கு மேல் பஃபேயின் பெரும்பகுதியை மூடிவிடுகிறார்கள். காபி மெஷினும் வெந்நீரும் டீ பைகளும் மட்டும் எந்நேரமும் இருக்கும். பால் என்று இருப்பது கட்டைவிரல் அளவுக் குப்பியில் க்ரீமர். அதைக் காய்ச்சிய பால் என்று மாமியாரிடம் நீட்டும் தைரியம் எனக்கு இல்லை. அறையிலிருந்த போனை எடுத்து, சூடாகப் பாலும் ஒரு பழமும் வேண்டும் என்றேன். "நிச்சயமாக மேடம், முப்பது நிமிஷம்" என்றது ஒரு பிலிப்பைன்ஸ் குரல். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். பாலுக்குக் காசு உண்டா என்று யார் கேட்பார்கள்?

தட்டு வந்தது. வெள்ளைத் துணி விரித்த தட்டு. ஒரு சின்ன எவர்சில்வர் குடுவையில் பால், அதன் மூக்கில் பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருந்தது. கவிழ்த்துவைத்த கப், சாஸர். ஒரு வாழைப்பழம். அந்த வாழைப்பழத்துக்குத் துணையாகத் துணி நாப்கினில் இறுக்கிச் சுருட்டிய கத்தி, முள்கரண்டி, ஸ்பூன். தட்டின் ஓரத்தில் கறுப்பு மடிப்பு அட்டை, உள்ளே பில். பால் 0.00. வாழைப்பழம் 0.00. அதற்குக் கீழே சேவைக் கட்டணம். அதற்கும் கீழே அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் டிப்ஸ். அதற்கும் கீழே, கூடுதல் டிப்ஸ் எழுத வசதியாக ஒரு காலிக் கோடு. கடைசியில் மொத்தம், கையெழுத்து. நம் பணத்தில் 800 ரூபாய் சொச்சம்.

மாமனார் திருநெல்வேலியில் மின்வாரியத்தில் ஆடிட் பார்த்து ரிட்டையர் ஆனவர். பில் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார். கொண்டுவந்த பையன் கதவோரம் நிற்கிறான், இவர் விளக்கடியில் வைத்துப் படிக்கிறார்.

"ஏம்மா, இது என்ன கணக்கு? பாலுக்கு சைபர். பழத்துக்கு சைபர். சைபரையும் சைபரையும் கூட்டுனா பத்து டாலர் வருமா?"

"கொண்டுவந்து குடுக்கறதுக்கு மாமா."

"சரி, அப்ப அந்தப் பத்து டாலர் கொண்டுவந்த இந்தத் தம்பிக்குத்தானே போகும்?"

இந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்தபிறகு தேடிப் பார்த்தேன். தேடத் தேட விஷயம் வேறு எங்கெங்கோ போய்விட்டது.

ரூம் சர்வீஸுக்குக் காசு என்பது அப்படியொன்றும் பழைய வழக்கம் இல்லை. ராயல் கரீபியன் கப்பல்களில் முன்பெல்லாம் நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிக்குள் கூப்பிட்டால் மட்டும் 3.95 டாலர். தூங்குகிற நேரத்தில் எழுப்பினால் கொடுக்க வேண்டியதுதானே என்று யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2015இல் நார்வீஜியன் க்ரூஸ் லைன், ராத்திரி பகல் என்ற பேதமில்லாமல் ஒரு ஆர்டருக்கு 7.95 டாலர் என்றது. 2017 மார்ச்சில் ராயல் கரீபியனும் அதே 7.95, அதன் மேல் 18 சதவீதம் டிப்ஸ் என்று வந்து நின்றது. நார்வீஜியன் அப்புறம் 9.95க்குப் போய்விட்டது. கார்னிவல் வேறு வழி எடுத்தது: கொண்டுவருவதற்கு என்று தனியாகக் காசில்லை, பெரும்பாலான பண்டங்களுக்குத் தனித்தனி விலை. பிரின்சஸ் 2023இல் மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தது: பயணம் முழுக்க எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், ஆளுக்கு 14.99 டாலர்.

இந்த மூன்று வழியும் நம்மை மூன்று விதமாக ஆட்டிவைக்கும். கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் ஒன்று சாப்பாடு வீணாவது: ஓசி என்பதால் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு ஆர்டர் பண்ணி, பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கதவுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள் என்று. நியாயமான காரணம். ராத்திரி பதினோரு மணிக்குக் கப்பல் வராந்தாவில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கடிபட்ட பர்கரும் கரைந்த ஐஸ்கிரீமும் வரிசையாகக் காவல் இருக்கும். ஆனால் ஆர்டருக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்கினால் அது குறையுமா? எங்கள் அறையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அடுத்த ராத்திரி பால் கேட்பதற்கு முன்னால் மாமனார் என் கையிலிருந்து மெனுவை வாங்கிக்கொண்டார். "ஒண்ணு சொன்னாலும் அதே காசு, பத்து சொன்னாலும் அதே காசுலா? அப்ப எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிருவோம்." பாலோடு சேர்ந்து சீஸ் சாண்ட்விச், சாக்லேட் கேக், குக்கீஸ், பழத்தட்டு. எங்கள் பையன் தன் பங்குக்கு ரெண்டு பீட்ஸா சேர்த்தான். பால் காலியானது. கேக்கில் கால்வாசி. மிச்சம் வராந்தாவுக்குப் போய்க் காவல் வரிசையில் சேர்ந்துகொண்டது. வீணாவதைக் குறைக்க வந்த கட்டணம், ஆடிட்டர் ஒருவரையே வீணடிக்க வைத்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் கார்னிவல் வழிதான் யோக்கியமானது. சாண்ட்விச்சுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டால், பசித்தவன் மட்டும் கேட்பான்.

அப்படியென்றால் இது வருமானத்துக்காகவா? முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். கப்பல் கம்பெனிகளுக்கு டிக்கெட் விற்பது பாதிக் கதைதான். கார்னிவல் குழுமத்துக்கு 2023இல் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் டிக்கெட்டில் வந்தது சுமார் 1,400 கோடி. மீதி 750 கோடி, கப்பலில் ஏறியபிறகு நாம் செய்யும் செலவும் இதர வரவும். ராயல் கரீபியனுக்கு அதே வருஷம் 1,390 கோடியில் சுமார் 430 கோடி இப்படி வந்தது. மது, சூதாட்டம், கரையில் சுற்றிக்காட்டுவது, ஸ்பா, இண்டர்நெட், தனிக் கட்டண உணவகம் இவைதான் அங்கே பெரிய தலைகள். கொரோனா நாட்களில் 2020 மார்ச்சில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கப்பல் கிளம்பத் தடை வந்தது. கார்னிவலின் கடன் 3,000 கோடி டாலரைத் தாண்டிப் போனது. அந்தக் கடனை அடைக்கக் கிடைக்கிற இடத்திலெல்லாம் கைவைக்கிறார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தேதிகளைப் பாருங்கள். 2015, 2017. நோய் வருவதற்கு முன்னாலேயே கட்டணம் வந்துவிட்டது.

எனக்குப் படுவது இதுதான்: இந்தக் கட்டணம் நாம் கொடுக்க வேண்டும் என்று வைத்ததில்லை, கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்று வைத்தது. நீங்கள் பில்லைப் பார்த்து, "இதுக்குப் போயி பத்து டாலரா, மேலே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று எழுந்தால் கம்பெனி ஜெயித்துவிட்டது. கொடுத்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை, ஆனால் நீங்கள் எழுந்து போவதுதான் அவர்களுக்கு லாபம்.

ஏன் என்று புரிய, கப்பலுக்குள் ஒரு டம்ளர் பால் வரும் வழியைப் பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் ஓட ஆரம்பித்த ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 365 மீட்டர். இருபது தளம். 2,805 அறைகள். நிரம்பினால் 7,600 பயணிகள். எங்கள் கப்பல் இதைவிடச் சின்னதுதான், ஆனாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தால் மாமியாருக்கு நடுவில் ஒரு நாற்காலி வேண்டும். பயணிகள் கண்ணில் படாமல் கீழ்த்தளத்தில் கப்பலின் நீளத்துக்கு ஒரு வராந்தா ஓடும். அமெரிக்கக் கப்பல்களில் ஊழியர்கள் அதை ஐ-95 என்பார்கள், கிழக்குக் கடற்கரை நெடுஞ்சாலையின் பெயர். சாமான் வண்டி, அழுக்குத்துணி மூட்டை, சமையல்காரர்கள், பாட்டுக்காரர்கள் எல்லாரும் அதில்தான். ரூம் சர்வீஸ்காரர் தட்டை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஊழியர் லிஃப்டுக்குக் காத்திருந்து, உங்கள் தளத்துக்கு ஏறி, நீண்ட வராந்தாவில் நடந்து, கதவைத் தட்டி, கையெழுத்து வாங்கி, திரும்பிப் போக வேண்டும். ஒரு தட்டுக்கு ஒரு ஆள். அதே நேரத்தில் பஃபேயில் ஒரு ஆள் நூறு பேருக்குப் பரிமாறிவிடுவார். பாலின் விலை பொருட்டே இல்லை, ஆளின் நேரம்தான் செலவு. ஆர்டர் பாதியாகக் குறைந்தால் ஆளும் பாதி போதும். ஆளைக் குறைத்தால் அவருக்கு ஒதுக்கும் படுக்கையும் மிச்சம்.

கரையிலும் இதே கதை நடந்தது. நியூயார்க்கில் மிட்டவுன் ஹில்டன், கிட்டத்தட்ட 2,000 அறை உள்ள ஹோட்டல், 2013இல் ரூம் சர்வீஸையே நிறுத்திவிட்டது. கீழே வந்து நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடை திறந்தது. ஹோட்டலுக்கு அது முடியும், வெளியே தெருவில் நூறு கடை இருக்கிறது. நடுக்கடலில் நிறுத்திவிட்டோம் என்று சொன்னால் பேர் கெட்டுப்போகும். அதனால் சேவை இருக்கும், மெனு இருக்கும், விளம்பரப் படத்தில் பால்கனியில் வெள்ளை அங்கி போட்ட ஜோடி தட்டோடு உட்கார்ந்திருக்கும். நடுவில் எட்டுப் பத்து டாலரில் ஒரு வேலி மட்டும் போட்டுவிட்டார்கள்.

வேலிக்குச் சந்து இருக்கக் கூடாது என்றும் ஒரு முயற்சி நடந்தது. பஃபேயில் தட்டை நிரப்பி நாமே அறைக்கு எடுத்துப் போகலாமே? போகலாம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கட்டணம் கொண்டுவந்த அதே 2015இல் நார்வீஜியன், பஃபே சாப்பாட்டை அறைக்கு எடுத்துப் போகக் கூடாது என்று ஒரு விதி போட்டது. பயணிகள் போட்ட கூச்சலில் சீக்கிரமே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. கூச்சல் போட்டால் பலன் உண்டு என்பதற்கு இது ஒரு சாட்சி, குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சொன்னபோது என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல ஸ்விக்கில டெலிவரி சார்ஜ் குடுக்கறதில்லையா? அதே மாதிரிதானே?" என்றார். அதே மாதிரி இல்லை. ஸ்விக்கிக்கு நீங்கள் ஆர்டர் பண்ண வேண்டும். அதனால்தான் இவ்வளவுக்கு மேல் வாங்கினால் டெலிவரி சும்மா என்று ஆசை காட்டும். கப்பலில் அப்படி ஒரு ஆசையும் காட்டுவதில்லை. காட்டினால் எதற்குக் காட்டுவார்கள் தெரியுமா? வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் அறைக்குச் சாப்பாடு கொண்டுவர 7 டாலர், ஆனால் கூடவே ஒரு மதுபானம் சேர்த்துக்கொண்டால் அந்த 7 டாலர் கிடையாது. பால் கேட்டால் வேலி, ஒயின் கேட்டால் கதவு திறந்திருக்கும். அதே கம்பெனியில் போனைக் கையில் வைத்துக் குலுக்கினால் ஷாம்பெயின் நீங்கள் நிற்கும் இடத்துக்கே வரும் என்று ஒரு வித்தை வேறு வைத்திருக்கிறார்கள். அப்போது தளமும் தூரமும் லிஃப்டும் ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. இதைப் படித்தபிறகுதான் என் சந்தேகம் எனக்கே உறுதியானது. இவரும் அதற்குமேல் பேசவில்லை, ஸ்விக்கியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அப்புறம் காலைச் சாப்பாட்டுக்கான அட்டை. பெரும்பாலான கப்பல்களில் எளிமையான காலைச் சாப்பாடு அறைக்கே வந்தால் காசில்லை. ராயல் கரீபியன், கார்னிவல் ரெண்டிலும் அப்படித்தான். நார்வீஜியன் அதற்கும் 4.95 டாலர் வைத்துவிட்டது. காலையில் மட்டும் என்ன தாராளம் என்று யோசித்தேன். கதவுக் கைப்பிடியில் மாட்டும் அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். முந்தின ராத்திரியே எழுதி மாட்டிவிட வேண்டும். மேலே அரைமணி அரைமணியாக நேரம், கீழே பண்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை என்று எழுத ஒரு கட்டம். பெரும்பாலும் அடுப்பேற்ற வேண்டாத சாமான்கள்: ரொட்டி, மஃபின், சீரியல், தயிர், பழம், ஜூஸ். நடுராத்திரிக்குமேல் ஒருவர் வந்து எல்லா அட்டையையும் உருவிக்கொண்டு போவார். தளவாரியாக, நேரவாரியாகப் பிரித்து அடுக்கிவிட்டால், ஒரே நடையில் பத்து அறைக்குத் தட்டு போய்விடும். அதுவுமில்லாமல், துறைமுகத்தில் இறங்கும் நாளில் எல்லாரும் ஏழரை மணிக்குப் பஃபேயில் மோதிக்கொள்வதைவிட, பாதிப்பேர் அறையிலேயே ரொட்டி தின்றுவிட்டால் அவர்களுக்குத்தான் நிம்மதி. காலையில் நாம் மேலே போகாமல் இருப்பதுதான் அவர்களுக்குத் தோது, ராத்திரியில் போவதுதான் தோது. காசு எங்கே இருக்கிறது எங்கே இல்லை என்பது இதை வைத்தே சரியாக விழுகிறது.

இந்த அட்டை ரகசியத்தை எனக்குச் சொன்னது ஒரு தூத்துக்குடிக்காரர். மூன்றாவது ராத்திரி பால் கொண்டுவந்தவர் அவர். சட்டையிலிருந்த பெயர்ப்பட்டையில் பெயருக்குக் கீழே இந்தியா என்று பார்த்ததும் மாமியார் தமிழிலேயே, "எந்த ஊருப்பா?" என்று கேட்டுவிட்டார். (என் மாமியார் மும்பை ஏர்போர்ட்டிலும் இப்படித்தான் கேட்பார், பாதி தடவை பலிக்கும்.) ஏழெட்டு மாத காண்ட்ராக்ட், அப்புறம் ரெண்டு மாதம் வீடு, திரும்ப வேறொரு கப்பல். வீட்டில் சின்னக் குழந்தை. மாமனார் விடவில்லை, நேராகக் கணக்குக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இந்தக் காசுல உங்களுக்கு எவ்வளவு வரும்?"

"சர்வீஸ் சார்ஜ் கம்பெனிக்கு சார். அந்தப் பதினெட்டு பர்சென்ட்தான் எங்களுக்கு."

மாமனார் மனசுக்குள் கணக்குப் போடுவது அவர் உதட்டிலேயே தெரியும். வெளியே அறிவித்திருக்கும் விலையையே வைத்துச் சொல்கிறேன்: 7.95இல் 18 சதவீதம் 1.43. மொத்தம் 9.38. அதாவது நாம் கொடுப்பதில் ஆறில் ஒரு பங்குகூடத் தட்டைத் தூக்கியவர் பக்கம் போவதில்லை.

"இந்தச் சார்ஜ் வந்தபிறகு ராத்திரி ஆர்டர் ரொம்பக் கொறஞ்சுபோச்சு சார். முன்னே இந்த நேரத்துல நாங்க நிறைய பேர் ஓடுவோம். இப்ப கொஞ்ச பேர்தான். ஆர்டர் கொறஞ்சா டிப்ஸும் கொறையும்ல." குறையாகக்கூடச் சொல்லவில்லை, மழை கொஞ்சம் குறைவு என்பது போலச் சொன்னார். பிறகு மாமியாரைப் பார்த்து, "அம்மா, காலையில கார்டுல பாலுன்னு எழுதுங்க. ஃப்ளாஸ்க் வச்சிருந்தா சொல்லுங்க, நான் சூடா ரொப்பித் தாறேன். ராத்திரி வரைக்கும் சூடு நிக்காது, ஆனா ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு, மேல வெந்நீர் புடிச்சு அதுக்குள்ள பாத்திரத்தோட இறக்குனா போதும்" என்றார். சமையல் தெரிந்த மனுஷன். அதற்கப்புறம் அப்படித்தான் நடந்தது. காலையில் வந்த பால் மினி ஃப்ரிட்ஜில் தூங்கும். ராத்திரி பஃபேயிலிருந்து ஒரு பெரிய கோப்பை வெந்நீர். அதில் பால் டம்ளரை இறக்கி வைத்தால் ரெண்டு நிமிஷத்தில் குடிக்கும் சூடு. செலவு சைபர், இந்தத் தடவை நிஜமான சைபர்.

இங்கே ஒரு கெட்டில் இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்கக் கப்பல்களில் கெட்டில் கொண்டுபோனால் ஏறும்போதே பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்வார்கள், தீப்பிடிக்கும் பயம். ஆனால் பிரிட்டிஷ்காரர்களுக்காக ஓடும் குனார்ட், பி அண்ட் ஓ கப்பல்களில் அறையிலேயே கெட்டிலும் டீத்தூளும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலில் மட்டும் தீப்பிடிக்காதா என்று யாரும் விளக்கவில்லை. டீ இல்லாமல் ஆங்கிலேயரைக் கப்பலில் ஏற்ற முடியாது என்பதுதான் விளக்கம் என்று நினைக்கிறேன்.

தினப்படி டிப்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அது இதோடு சேர்ந்து குழம்புகிறது. ரூம் சர்வீஸ் டிப்ஸ் வேறு, இது வேறு. ராயல் கரீபியனில் 2024 கடைசியிலிருந்து சாதாரண அறையில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50 டாலர், சூட்டில் இருப்பவர்களுக்கு 21 டாலர். குழந்தைக்கும் உண்டு. அறை சுத்தம் செய்பவர், டைனிங் ரூம்காரர்கள் போன்றவர்களுக்கு என்று பிரிப்பது. இதை நான் ஒருபோதும் வெட்டச் சொல்ல மாட்டேன். சில பயணிகள் கடைசி நாள் கவுண்டரில் வரிசையில் நின்று வெட்டிவிட்டு வருவார்கள், நம்மவர்களும் அதில் உண்டு, பெருமையாக வேறு சொல்வார்கள். கடல் ஊழியர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை சொல்வது என்ன தெரியுமா? 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். அதாவது சட்டப்படியே ஒருவரிடம் வாரத்துக்கு 90 மணி நேரத்தைத் தாண்டி வேலை வாங்க இடம் இருக்கிறது. இவர்களிடமா பேரம்? தட்டு கொண்டுவருபவர் கையில் ரெண்டு மூன்று டாலர் நோட்டாகக் கொடுங்கள். அந்தக் காலிக் கோட்டில் எழுதுவதைவிட அதுதான் நேரே போய்ச் சேரும்.

கப்பலில் நோட்டையே யாரும் எடுப்பதில்லை என்பது இன்னொரு சங்கடம். எல்லாம் அறை அட்டை. பையனுக்கும் தனி அட்டை, அதுவும் எங்கள் கணக்கில்தான் ஏறும். அவன் பாட்டுக்கு ஆப்பில் குக்கீஸ் தட்டிவிட்டுக்கொண்டிருந்தது கடைசி நாள் பில்லில்தான் தெரிந்தது. குழந்தைகள் அட்டையில் செலவை நிறுத்திவைக்கச் சொல்லலாம், ஏறிய உடனே கவுண்டரில் சொல்லிவிடுங்கள்.

எல்லாரும் இப்படி வாங்குவதில்லை. டிஸ்னி கப்பல்களில் பாக்கெட் தின்பண்டம், மது மாதிரி சிலவற்றைத் தவிர அறைக்கு வருவதற்குக் காசில்லை, டிப்ஸ் உங்கள் இஷ்டம். குனார்டிலும் காசில்லை. ஸீபோர்ன், சில்வர்ஸீ, ரீஜண்ட் மாதிரி மேல்தட்டுக் கப்பல்களில் ராத்திரிச் சாப்பாட்டையே ஒவ்வொரு பதார்த்தமாக அறைக்குக் கொண்டுவந்து மேஜை விரித்துப் பரிமாறுவார்கள். அது டிக்கெட்டில் ஏற்கெனவே பலமடங்காக ஏறியிருக்கும். சாதாரணக் கப்பல்களிலும் சூட் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டணம் விலக்கு. எனக்கு உறுத்துவது இதுதான். ஒரே கப்பல், ஒரே அடுக்களை, ஒரே பால். கதவு எண்ணைப் பொறுத்து வேலி உண்டு அல்லது இல்லை. நிஜமாகவே ஆளின் நேரம்தான் காரணம் என்றால் சூட்டுக்கு நடக்கவும் அதே நேரம்தானே ஆகும்?

2024 ஜூலை 1 முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது: கட்டாயமாக வாங்கப்போகும் கட்டணத்தை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் பெரிய கப்பல் கம்பெனிகள் துறைமுகக் கட்டணம், வரி எல்லாவற்றையும் முதல் விலையிலேயே காட்ட ஆரம்பித்தன. நல்ல காரியம். ஆனால் ரூம் சர்வீஸ் உங்கள் விருப்பம், கட்டாயமில்லை, ஆகவே அதில் வராது. கட்டணம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் பெரிதாக இல்லை. ஒருவர் உழைப்புக்கு விலை இருக்கட்டும். போனை எடுத்தவுடன் "இவ்வளவு ஆகும், பரவாயில்லையா" என்று ஒரு வரி சொன்னால் போதும். வாங்குவதில் பாதியையாவது தூக்கிவருபவருக்குக் கொடுத்தால் மாமனாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஊருக்குப் போனபிறகும் போனில், "அந்தத் தூத்துக்குடித் தம்பி காண்ட்ராக்ட் முடிஞ்சு வந்திருப்பானாம்மா?" என்று கேட்கிறார்.

அடுத்து என் அப்பா அம்மா வருகிறார்கள். அப்பாவுக்கு ராத்திரிப் பால் கிடையாது, விடிகாலை நாலரைக்குக் காபி வேண்டும். காலை அட்டையில் முதல் கட்டமே ஆறு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். காபி மெஷின் எந்நேரமும் ஓடும், ஆனால் அது இருப்பது பஃபே தளத்தில். சூட் எடுத்துவிட்டால் நாலரைக்கும் காசில்லாமல் வருமே என்று இவர் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த விலை வித்தியாசத்துக்கு அப்பாவுக்குப் பயணம் முழுக்க மணிக்கொரு காபியைக் கட்டணத்தோடு வரவழைக்கலாம், அப்படியும் மிஞ்சும். நான் டெக் பிளானை விரித்து, பஃபேக்கு ரெண்டு தளம் கீழே, லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை தேடிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் சத்தத்தில் தூக்கம் போகும் என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.